டெல்ஃபோர்ட் சாரின் தாளம் யாரை உறுத்தியது?

விழாவுக்குத் தலைமை தாங்கும் போதகர் ஹோலிஸ் அவர்களே! அவர் அருகே வீற்றிருக்கும் வட்டாரக் கல்வி அதிகாரி பிரிச்சர்ட் அவர்களே! பிராங்க்ஸ் மண்ணின் பெரியோர்களே! வேலைக்கு ஓடும் அவசரத்திலும் பிள்ளைகளுக்காக வந்து நிற்கும் தாய்மார்களே! மூன்றாம் வகுப்பு ஜலீசாவைப் பெற்றவள், பேருந்து ஓட்டும் வெர்னெட்டா, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

வாசிப்பில் வென்ற பள்ளி என்று நமக்குக் கேடயம் தருகிறார்கள். நன்றியுரை சொல்ல என்னை அழைத்தார்கள். சொல்லத்தான் வந்தேன். ஆனால் யாருக்குச் சொல்வது?

என் மகளுக்குத் திக்குவாய். புத்தகத்தை விரித்தால் வகுப்பே சிரிக்கும். அவள் மேசைக்கு அடியில் ஒளிவாள். படிப்பு ஏறாத பிள்ளை என்று முத்திரை குத்தினார்கள். அப்போது வந்தார் ஓரன் டெல்ஃபோர்ட் என்னும் ஆசிரியர். அதட்டினாரா? அடித்தாரா? இல்லை! மேசையைத் தட்டினார்! தட்டிய தாளத்தில் தமது பாடத்தையே ஏற்றினார்.

"ராப் பாட்டு கேட்டது போதும்டா கண்ணுங்களா, இனிமே நீங்களே எழுதுங்க" என்றார்.

எழுத வேண்டுமென்றால் எழுத்து வேண்டாமா? அடிக்கு அடி ஓசை ஒத்துவர அகராதியைப் புரட்ட வேண்டாமா? புரட்டினார்கள்! ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டார்கள்! ஒரு நாள் என் ஜலீசா எழுந்து நின்றாள்.

"லிஃப்ட்டு நின்னு மாசம் ஆச்சு,
மாடி ஏறி மூச்சுப் போச்சு,
வாடகை கேட்டு வர்ற சாரு,
பத்தாம் மாடி ஏறிப் பாரு!"

ஒரு திக்கல் இல்லை! ஒரு தடுமாற்றம் இல்லை! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அவள் காதில் விழட்டும்!

இந்த அதிகாரி வந்தார். "இது பள்ளிக்கூடமா, தெருமுனையா?" என்றார். பிள்ளைகள் சுவரில் ஒட்டிய பாட்டுகளைக் கிழித்தார். அவரிடம் என் மகள் கேட்டாள்:

"தெ... தெருமுனைன்னா என்ன தப்பு சார்? எங்க வீ... வீடு அங்கதானே இருக்கு?"

திக்கல் திரும்பிவிட்டது, தாய்மார்களே! என்ன செய்தார் அதிகாரி? டெல்ஃபோர்ட் சாரைப் புத்தகக் கிடங்குக்கு மாற்றினார்! அவர் ஊட்டிய எழுத்தோடு பிள்ளைகள் தேர்வெழுதினார்கள். மதிப்பெண் உயர்ந்தது. இன்று பூமாலை விழுந்தது யார் கழுத்தில்?

யாரங்கே, "வெட்கக்கேடு" என்றது? என்னைப் பார்த்துச் சொல்லாதீர்கள், அதிகாரி அமர்ந்திருக்கும் இந்த நாற்காலியைப் பார்த்துச் சொல்லுங்கள்!

எந்தத் தெருமுனை ஐயா உங்களுக்கு இழிவு? விளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்து, இரண்டு இசைத்தட்டைச் சுழற்றி, ராப் பாட்டைப் பிறப்பித்து, உலகத்தையே எங்கள் பெற்றோர் ஆட வைத்த தெருமுனையா? எங்கள் பாட்டு விளம்பரத்துக்கு வேண்டும், விழாவுக்கு வேண்டும். எங்கள் பிள்ளையின் பாடத்துக்கு மட்டும் வேண்டாமா?

"அம்மா, நேரம் ஆச்சு, நன்றியச் சொல்லிட்டு உக்காருங்க" என்கிறார் அதிகாரி.

சொல்கிறேன் ஐயா. கடைசி வரிசையில் அழைப்பில்லாமல் வந்து நிற்கும் டெல்ஃபோர்ட் சாருக்கு நன்றி! எழுந்து நிற்கும் தாய்மார்களே, உங்களுக்கு நன்றி! முதல் ஆளாகக் கைதட்டிய போதகர் ஐயாவுக்கு நன்றி!

"பரிசீலிக்கிறோம்" என்கிறாரே அதிகாரி? நாங்கள் பரிசீலித்து முடித்துவிட்டோம். கேடயத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆசிரியரைத் திருப்பிக் கொடுங்கள்!

வணக்கம்.