இருபத்திரண்டு கஜம்

புதிதாக வேட்டைக்குப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது வில் இல்லை, நல்ல ரப்பர் பூட்ஸ். இதை யாரும் சொல்வதில்லை. எல்லோரும் கடைக்குள் நுழைந்ததும் வில் மாட்டியிருக்கும் சுவரைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கிறார்கள். தோல் பூட்ஸ் போட்டு நடந்தால் நடந்த வழியெல்லாம் மனித வாடை ஒட்டிக்கொள்ளும். மான் மோந்து பார்த்துவிட்டு வந்த வழியே போய்விடும்.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. நீங்கள் ஷெரீஃப் அலுவலகத்துப் போலீஸ் சட்டை போட்டிருந்தாலும் எனக்கு இன்னும் மூன்றாம் வகுப்புப் பையன்தான். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று இந்த ஊருக்கே மத்தியானச் சாப்பாடு போட்டவள் நான். மக்ரோனியைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டுப் பட்டாணியை மட்டும் கால்சட்டைப் பையில் ஒளித்துவைப்பீர்கள். நான் யாரிடமும் சொன்னதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம்தான் கடைத்தெருவில் வேட்டைச் சாமான் கடை வாசலில், துப்பாக்கி மாதிரி விசையை இழுத்து அம்பு விடும் குறுக்குவில்லுக்கு வகுப்பு என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஆறு பேர் சேர்ந்தோம். பெண் நான் ஒருத்திதான். சொல்லிக்கொடுத்தவர் ரூவல் டாக்கெட். ஓஹையோ முழுவதும் தேடினாலும் அப்படிப்பட்ட பொறுமைசாலி கிடைக்க மாட்டார். முதல் நாள் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரலில் நுனி இல்லை.

"இதுதான் நான் வாங்கின பட்டம். நாண் ஓடுற தடத்துக்கு மேல விரல வெச்சா உங்களுக்கும் குடுப்பாங்க."

எல்லோரும் சிரித்தோம். பக்கத்தில் நின்ற லாரிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "என்னம்மா, கரண்டிய வீட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றார்.

"உங்களுக்கு ஊட்டி விடணும்னா கொண்டு வர்றேன்" என்றேன்.

வில்லின் முனையிலிருக்கும் வளையத்தில் கால் வைத்து அழுத்தி, கயிற்றைப் போட்டு இரண்டு கையாலும் ஒரே சீராக நாணை இழுக்க வேண்டும். நாற்பது லிட்டர் சூப்புப் பானையைத் தூக்கி இறக்கியவளுக்கு அது ஒரு பெரிய காரியமில்லை. மூன்றாவது வாரம் முப்பது கஜ தூரத்தில் என் மூன்று அம்பும் ஒரு காபிக் கோப்பை அகலத்துக்குள் நின்றன. லாரிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அந்த இலையுதிர் காலம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம். எங்கள் நிலத்துக்குப் பின்னால் ஓடைச் சரிவில் துணிக் கூடாரம் ஒன்றைப் போட்டு, இலைதழைகளால் மூடி, உள்ளே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். ஓக் மரத்திலிருந்து கொட்டை விழும். அணில் சருகில் ஓடும். அவ்வளவுதான் சத்தம். தம்பி, முந்நூறு பிள்ளைகள் தட்டைத் தட்டும் அறையிலிருந்து வந்தவள் நான். வீட்டில் என் கணவர் டெல்பர்ட். அப்படி ஓர் அமைதி உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அறுபத்தொரு வயதில்தான் தெரிந்தது. அந்த வருடம் ஒரு மான் கிடைத்தது. குளிர்காலம் முழுக்க அதன் கறியும் பீன்ஸும்தான்.

டெல்பர்ட்டைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். பனிக்காலத்தில் சாலையில் உறைந்த பனி உருக உப்பு போடும் லாரியை முப்பது வருடம் ஓட்டினார். தனியாக ஓட்டியதால் தனக்குத்தானே பேசிப் பழகிவிட்டார். போன வருடம் அவரும் ஓய்வு பெற்றார். பெற்ற மறுநாளே சொன்னார்.

"மேவிஸ், ஒண்ணு சொல்லட்டா? நீ பாட்டுக்குக் காட்டுல ஒண்டியா உக்காந்திருக்க. நெனச்சாலே மனசு கேக்கல. இனிமே நானும் வர்றேன்."

வந்தார். மடக்கு நாற்காலி, பிஸ்கட் பொட்டலம், பிளாஸ்க் எல்லாவற்றோடும் வந்தார். தன் தம்பியின் பித்தப்பைக் கல்லைப் பற்றிச் சொன்னார். கடலை வெண்ணெய் விலை ஏறியதைச் சொன்னார். மான் வந்தால், "அதோ மான்" என்று சொன்னார். அதற்குள் மான் பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருக்கும்.

"டெல், கொஞ்ச நேரம் பேசாம இருக்க முடியுமா?"

"பேசாமத்தான இருக்கேன்? இது மெதுவாப் பேசறது."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் அப்படிப்பட்ட மனிதர். கூடாரத்தை ஓடைக்கு அந்தப் பக்கம் மாற்றினேன். சிரமப்பட்டுத் தேடிக் கண்டுபிடித்து வந்தார். விடியற்காலையில் சொல்லாமல் கிளம்பிப் பார்த்தேன். மறுநாளிலிருந்து எனக்கு முன்னால் எழுந்து முட்டை பொரித்து வைத்தார்.

பிரிந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசிக்காமல் இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில் என் பிறந்தநாளை ஒருமுறைகூட மறக்காத மனிதரை, எந்தக் காரணத்தைச் சொல்லி வீட்டை விட்டுப் போகச் சொல்வது? உடைந்து போயிருப்பார். என்னால் அப்படிக் கொடுமை செய்ய முடியாது.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை காட்டில் தூரத்திலிருந்தே மனிதர் என்று தெரிவதற்காக அவர் போடும் ஆரஞ்சு மேல்சட்டையைத் துவைக்கப் போட்டேன். அது அவ்வளவு அழுக்கில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக் கொடுத்த இலைப்படம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார். அதைப் போட்டால் மரத்துக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியாது. மத்தியானம் மூன்று மணிக்கு அவரை மேட்டிலிருக்கும் பீச் மரத்தடியில் உட்காரச் சொன்னேன். சமர்த்தாகப் போனார்.

நாற்பது நிமிடம். வெயில் சாய்ந்து, சரிவெல்லாம் மஞ்சளாக இருந்தது. எட்டுக் கிளைக் கொம்போடு ஓர் ஆண்மான் ஓடையைத் தாண்டி வந்தது. அவ்வளவு அழகான மிருகத்தை நான் பார்த்ததில்லை. இன்னும் பத்தடி வந்தால் போதும். அப்போது சீட்டிச் சத்தம் கேட்டது. மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு மறைந்துவிட்டது.

டெல்பர்ட் இறங்கி வந்துகொண்டிருந்தார். தொப்பி நிறைய பாவ்பாவ் பழம். ஓடைக்கரையில் தானாக விளையுமே, அந்தப் பழம்தான். எனக்குப் பிடிக்கும் என்று பருவம் முடியும் நேரத்திலும் தேடிப் பொறுக்கியிருந்தார்.

"மேவிஸ்! ஒண்ணு சொல்லட்டா?" என்றார்.

எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் கோடையிலேயே தீர்ந்துவிட்டது. தூரம் அளக்கும் கருவியில் பார்த்தேன். இருபத்திரண்டு கஜம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். சட்டைப் பையின் பொத்தானை நான்தான் தைத்திருந்தேன். பச்சைச் சட்டையில் பழுப்பு நூல். வில்லின் மேலிருக்கும் தொலைநோக்கியில் அந்த நூல் தெரிந்தது.

அம்பு பட்டவுடன் ஓடிப்போய்ப் பார்க்கக்கூடாது. அரை மணி நேரமாவது அசையாமல் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பயந்து எழுந்து ஓடப் பார்க்கும், வீண் வேதனை. நான் உட்கார்ந்திருந்தேன். முதல் சில நிமிடம் அவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அது நான் எதிர்பார்த்ததுதான். பிறகு நின்றது. அணில் வந்தது. நேரம் போனதே தெரியவில்லை. அப்புறம் உங்கள் அலுவலகத்துக்கு போன் செய்தேன்.

எல்லோரும் அன்பாக இருந்தார்கள். பதினோரு வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. "கை தவறிப்போச்சு, மனச விட்டுராதீங்க" என்று தேவாலயத்துப் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் மறுக்கவில்லை. இப்படியே விட்டிருந்தால் நாளை மத்தியானமே நான் கூடாரத்தில் உட்கார்ந்திருப்பேன். பிப்ரவரி வரைக்கும் வேட்டைப் பருவம் இருக்கிறது.

ஆனால் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள், பயிற்சி போதாதவரின் விபத்து என்று. கடைக்காரர் வகுப்பை மூடிவிட்டு ரூவலை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். செவ்வாய்க்கிழமை ரூவல் என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை, வாசற்படியிலேயே நின்றார்.

"நான்தான் சரியாச் சொல்லிக்குடுக்கல மேவிஸம்மா. உங்க புருஷன நான்தான் கொன்னுட்டேன்" என்று தேம்பினார். இரண்டு குழந்தைகள் அவருக்கு. இனி வில்லைத் தொடவே மாட்டேன் என்கிறார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. செய்யாத தவறுக்கு ஒரு நல்ல மனிதர் இப்படி வதைபடுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? டெல்பர்ட் இருந்தால் அவரே என்னைக் காரில் ஏற்றி இங்கே கூட்டி வந்திருப்பார். அவருக்கு அநியாயம் பிடிக்காது.

அதனால் இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. ரூவல் டாக்கெட் எங்களுக்கு எல்லாவற்றையும் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தார். எதிரில் நிற்பது என்னவென்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும்வரை விசையில் விரல் வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார். எனக்குத் தெரிந்திருந்தது.