ஜெபித்து மூடி வைத்த எண்ணெய்

பெயர்: அருணா. கணவர்: ஜெயசீலன். தகப்பனார்: மயில்சாமி. வயது: 23. சொந்த ஊர்: கோயம்புத்தூர் மாவட்டம், சோமனூர். தற்போதைய முகவரி: துபாய், கராமா, மூன்றாம் மாடி, ஷேரிங் பிளாட்டில் ஓர் அறை. தொழில்: இல்லத்தரசி. மதம்: கிறிஸ்தவம்.

மொழிபெயர்ப்பாளர் சாதிக் பாட்ஷா நான் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொண்டு, பிறகு அரபியில் ஆக்கிக் கொடுப்பார் என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது. என் கணவர் சூனியம் செய்ததாகப் புகார் வந்திருப்பதாகவும், இந்த நாட்டில் அது குற்றம் என்றும் தெரிவிக்கப்பட்டது. நான் கர்ப்பமாக இருப்பதால் உட்கார்ந்து சொல்ல அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள்.

நான் பிறந்தது விசைத்தறி ஓட்டும் இந்துக் குடும்பத்தில். பிளஸ் டூ படிக்கும்போது, இலவசமாக இங்கிலீஷ் சொல்லித்தருகிறார்கள் என்று தோழியுடன் கோயம்புத்தூரில் ஒரு சபைக்குப் போனேன். அது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. வெளியே மார்மன் என்பார்கள். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட பத்தொன்பது வயதுப் பையனை ‘எல்டர்’ என்று, அதாவது மூப்பர் என்று கூப்பிட வேண்டும். அதற்கே நாங்கள் இருவரும் பஸ்ஸில் வீடு வரும்வரை சிரித்தோம். இங்கிலீஷ் வந்ததோ இல்லையோ, ஜெபம் வந்துவிட்டது. அதன் பிறகு ஞானஸ்நானம் எடுத்தேன். அப்பா, தறிச் சத்தத்தில் நான் சொன்னது காதில் விழாததுபோல் இருந்துவிட்டார். இன்றுவரை அப்படியே இருக்கிறார். அம்மா மட்டும் ஃபோன் செய்து, “சாப்புட்டியா கண்ணு” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

அதன் பிறகு சென்னையில் நடந்த சபைக் கூட்டத்தில் ஜெயசீலனைப் பார்த்தேன். அவர் துபாயில் அல் கூஸ் பகுதியில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்துகொண்டு லீவில் வந்திருந்தார். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு, அதன் பிறகு பாங்காக்கில் உள்ள எங்கள் ஆலயத்துக்குப் போய், காலத்துக்கும் நித்தியத்துக்கும் என்று முத்திரிக்கப்பட்டோம். சாவுகூடப் பிரிக்காது என்பது அதற்கு அர்த்தம். போலீஸ் பிரிக்குமா என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

என் கணவருக்கு எத்தனை மனைவிகள் என்று அதிகாரி கேட்டார். நான் ஒருத்திதான். அந்தப் பழக்கத்தை எங்கள் சபை விட்டு நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. தவிர, எங்கள் அறையில் இரண்டாவது பீரோ வைக்கவே இடமில்லை.

பிளாட்டில் எங்களுக்கு ஓர் அறை. அடுத்த அறையில் ஹைதராபாத்தைச் சேர்ந்த முகம்மது சித்தீக்கும் அவர் மனைவி இஃப்பத்தும் இருக்கிறார்கள். சமையலறையும் பாத்ரூமும் பொது. இஃப்பத் என்னைவிடப் பெரியவர். நான் பாஜி, அதாவது அக்கா என்று கூப்பிடுவேன். நான் வந்த புதிதில், தண்ணீர் லாரி சத்தத்துக்குக்கூடப் பயந்துகொண்டு அறைக்குள்ளேயே கிடந்தபோது, கதவைத் தட்டிக் கூப்பிட்டுக் காய்கறிக் கடை காட்டியவர் அவர்தான். எனக்கு வந்த கொஞ்சநஞ்ச இந்தியும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

அவருக்கு என்மேல் இரண்டு சந்தேகங்கள் இருந்தன. எத்தனை தடவை டீ கொடுத்தாலும் நான் குடிக்கமாட்டேன். எங்கள் சபையில் டீ, காபி கூடாது. நான் தீட்டுப் பார்க்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். “மேரே ஹாத் கா நஹி பியேகி?” என்று ஒரு முறை முகம் வாடிக் கேட்டார். அவர் கையால் குடிக்கமாட்டேனா என்று அர்த்தம். அதற்காக மறுநாள் அவர் செய்த கிச்சடியை இரண்டு தட்டு சாப்பிட்டேன். இன்னொன்று, எங்கள் உள்ளாடைகளை நான் பால்கனியில் காயப்போடுவதில்லை. ஆலயத்துக்குப் போனவர்கள் போடும் வெள்ளை ஆடை அது. பிறர் கண்ணில் படக்கூடாது. அறைக்குள் கொடி கட்டி, மேலே துப்பட்டா போட்டு மூடிக் காயவைப்பேன். இவள் எதை ஒளிக்கிறாள் என்று அவர் கேட்டதாக இப்போதுதான் தெரிகிறது.

அதன் பிறகு நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் கர்ப்பமானோம். அவருக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து வந்த கர்ப்பம் அது. எனக்கு வாந்தி வந்தால் அவர் என் முதுகைத் தடவுவார். அவருக்கு வந்தால் நான் தடவுவேன்.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை எனக்கு ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரியில் படுத்தே இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். எனக்குப் பயம் தாங்கவில்லை. என் கணவர் சபையைச் சேர்ந்த பிரதர் விஜயபாஸ்கரை வரவழைத்தார். வியாதிக்காரர் தலையில் ஒரு சொட்டு ஒலிவ எண்ணெய் வைத்து, இரண்டு பேர் தலைமேல் கைவைத்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். என் கணவர் சாவிக் கொத்தில் விரல் நுனி அளவு குப்பியில் அந்த எண்ணெய் இருக்கும். ஏற்கெனவே ஜெபித்த எண்ணெய் அது. இருவரும் எனக்கு அப்படிச் செய்துகொண்டிருந்தபோது, எனக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு இஃப்பத் பாஜி கதவைத் திறந்தார். பார்த்துவிட்டு, கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் அவரிடம் ஒன்றும் விளக்கவில்லை. இந்த நாட்டில் பிற மதத்தாரிடம் எங்கள் மதத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று சபையில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டோம். அன்றைக்கு எனக்கு ரத்தம் நின்றுவிட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் இந்தப் புகாருக்குக் காரணம். சாவிக் கொத்துக் குப்பி காலியானால் நிரப்புவதற்கு, ஜெபித்த எண்ணெய் ஒரு சின்ன பாட்டிலில் உண்டு. எங்கள் அறையில் வெயில் நேராக விழுவதால் அதைச் சமையலறையில் மேல் தட்டில் வைத்திருந்தேன். ஒரு நாள் இஃப்பத் பாஜியின் எண்ணெய் தீர்ந்து, அதை எடுத்து முட்டை பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய், “பாஜி, யே தேல் கானே கா நஹி. படுகே பாந்த் தியா” என்றேன்.

இந்த எண்ணெய் சாப்பிடுகிறதில்லை, ஜெபம் பண்ணி மூடி வைத்தது என்று சொல்ல நினைத்தேன். மூடுவதற்கு இந்தியில் ‘பந்த்’ என்பார்கள். ‘பாந்த்’ என்றால் கட்டிப்போடுவது. நான் ஒரு துணைக்காலைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். ஓதிக் கட்டிவிட்டோம் என்று ஆகிவிட்டது. சூனியம் வைத்து வயிற்றைக் கட்டுவதற்கும், கர்ப்பத்தைக் கட்டுவதற்கும் அவர்கள் ஊரில் அதே சொல்லாம். இங்கே வந்த பிறகு மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் கையில் இருந்த முட்டை அப்படியே நின்றது. நான் அதைப் பார்த்துவிட்டு, என் எண்ணெயை எடுத்ததற்காக வெட்கப்படுகிறார் என்று நினைத்து, “கோயி பாத் நஹி பாஜி”, பரவாயில்லை அக்கா என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றியும் புகாரில் எழுதியிருக்கிறார்கள்.

அதன் பிறகு வந்த வாரத்தில் இஃப்பத் பாஜிக்குக் கரு கலைந்தது. சித்தீக் பாய் டியூட்டிக்குப் போயிருந்தார். பாத்ரூமிலிருந்து சத்தம் கேட்டு நான்தான் போனேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை என் மடியில் வைத்திருந்தேன். அவர் கண்ணை விழித்து, நான் என்று தெரிந்ததும், என் கையைத் தள்ளிவிட்டுச் சுவர் ஓரமாக நகர்ந்தார். வலியில் தள்ளுகிறார் என்று நினைத்து மறுபடி பிடித்தேன். மறுபடி தள்ளினார். அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோன பிறகு பாத்ரூமை நான்தான் கழுவினேன். கழுவும்போது என் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதன் பிறகு நேற்று மத்தியானம் போலீஸார் வந்தார்கள். எண்ணெய் பாட்டிலையும் சாவிக் கொத்தையும் பையில் போட்டு முத்திரை வைத்தார்கள். சாப்பாட்டுக்கு வந்திருந்த என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சித்தீக் பாய் தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கணவர் செருப்பு மாட்டிக்கொண்டே, “பயப்படாத அருணா. வந்துடுவேன். கதவ நல்லாப் பூட்டிக்கோ” என்றார். சாவி அவர்களிடம் போய்விட்டது என்று அவருக்கு அப்போது ஞாபகம் இல்லை. அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நாங்கள் யாருக்கும் சூனியம் செய்யவில்லை. யாருடைய பிள்ளையையும் கட்டவில்லை. இஃப்பத் பாஜிமேல் எனக்குக் கோபமும் இல்லை. வயிற்றில் இருந்ததைப் பறிகொடுத்தவர் காரணம் தேடாமல் இருப்பாரா? அவர் காதில் விழுந்த சொல் நான் சொன்னதுதான். அதற்கு என்னைக் கேளுங்கள், என் கணவரைக் கேட்காதீர்கள். நான் சொல்லும் எந்தச் சொல் அரபியில் போய் என்னவாக மாறுமோ என்று எனக்கு இப்போது வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

அந்த பாட்டிலில் இன்னும் பாதி எண்ணெய் இருக்கிறது. அதைச் சாப்பிடக்கூடாது என்பது எங்கள் சபை முறை. இருந்தாலும் இஃப்பத் பாஜியை வரவழைத்து, அவர் முன்னால் அதை என் கையில் கொடுத்தால், அவ்வளவையும் குடித்துக் காட்டுகிறேன். என் வயிற்றிலும் பிள்ளை இருக்கிறது.

இதை எழுதி முடித்து மொழிபெயர்ப்பாளர் எனக்குப் படித்துக் காட்டினார். அதில் இரண்டு இடத்தில் ‘மந்திரித்த எண்ணெய்’ என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். “ஊர்ப் பக்கம் எல்லாத்துக்கும் அப்படித்தானம்மா சொல்லுவோம், ரெண்டும் ஒண்ணுதானே” என்றார். “ஒண்ணு இல்லீங்கண்ணா, அடிச்சிருங்க. ஒரு சொல்லுலதானுங்க அவரு உள்ள இருக்காரு” என்றேன். அவர் இரண்டு இடத்திலும் அடித்து ‘ஜெபித்த எண்ணெய்’ என்று எழுதினார். மறுபடி முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

இப்போது உள்ளபடி இது நான் சொன்னது, எனக்குத் தெரிந்து நடந்தது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவைக்கவில்லை. அடித்துத் திருத்திய இரண்டு இடங்களிலும் தனித்தனியே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
அருணா ஜெயசீலன்