தாண்டவராயன் சார் களத்தில் போட்ட எழுத்து

மேடையில் அமர்ந்திருக்கும் பம்பு கம்பெனியின் விழுப்புரம் கிளை மேலாளர் முத்துசாமி ஐயா அவர்களே, இந்த இடத்தைக் கொடுத்த மண்டி முதலாளி துரைக்கண்ணு ஐயா அவர்களே, முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்கள் சாரின் வீட்டம்மா கிருஷ்ணவேணி அம்மா அவர்களே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் அஞ்சம்மாள். இந்த மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை காயப்போடுகிற களத்தைப் பெருக்குகிறவள். மூன்றாவதோடு படிப்பை விட்டவள். மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. இந்த இரங்கல் கூட்டத்தில் பெரியவர்கள் எல்லாம் பேசிய பிறகு, நீயும் நாலு வார்த்தை சொல் என்றார்கள். அழுகை வருகிறதுதான். ஆனால் அழுகைக்கு மேலே இன்றைக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுந்து வந்தேன்.

தாண்டவராயன் சார் யார்? விழுப்புரத்தில் கம்பெனி ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர். வாத்தியார் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எண்பத்தாறாம் வருஷம் கம்பெனி ஒரு பெட்டி வாங்கியது. அதை எங்கள் ஊர் திண்டிவனத்துக்குக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கி வந்தவர் அவர். வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து, வீட்டுக்குப் போகாமல் நேராக இந்த மண்டிக்கு வந்தவர்.

துரைக்கண்ணு ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. சார் இடம் கேட்டு வந்த அன்றைக்கு ஐயா சிரித்தார்.

"இன்னா சார், கூலிக்காரன் புள்ளைக்குக் கம்ப்யூட்டரா? குந்திக்கினு மல்லாட்டை எண்ணவா?"

"எண்ணட்டும் முதலாளி. நீங்க எடை போடறப்ப சரி பாத்துக்கலாம்."

ஐயாவும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். சிரிப்போடு சாவியும் கைக்கு வந்தது.

ஆனால் பெட்டி ஒன்று. பிள்ளைகளோ களம் நிறைய. கரண்ட் இருந்தால் இருக்கும், போனால் போய்விடும். என்ன செய்வது? வேறு ஒருவராக இருந்தால் கையை விரித்திருப்பார். சார் என்னிடம் வந்து, "அஞ்சம்மா, உன் கோலப்பொடி டப்பா எங்க?" என்று கேட்டார். பெட்டிக்கு முன்னால் எழுத்துப் பலகை இருக்கிறதே, அதில் எந்த எழுத்து எங்கே இருக்கிறதோ அதே வரிசையில் இந்தச் சிமெண்டுக் களத்தில் கட்டம் கட்டமாகப் போட்டார். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. அவர் ஒரு வார்த்தை சொல்வார். பிள்ளைகள் பாண்டி ஆடுகிற மாதிரி எழுத்துக்கு எழுத்து குதிக்கும். தினமும் சாயங்காலம் பெண் பிள்ளைகள் பொடியில் போடும், வகுப்பு முடிந்ததும் நான் பெருக்கிவிடுவேன். எனக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. கியூ மட்டும் தெரியும், வால் இருக்கும்.

அரிசிப் பொடி ஆயிற்றே, என் கோழி வந்து கொத்திக் கட்டத்தைக் கலைத்துவிடும். "அஞ்சம்மா, ஏ-வ உன் கோழி துன்னுட்டுது. இப்ப பசங்க அம்மான்னு எப்படி எழுதுங்க?" என்பார். அந்தக் கேலியை இனி யார் பேசுவார்கள்?

போன மாதம் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸில்தான், கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில், அவருக்கு நெஞ்சு வலி வந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அஞ்சம்மா, நான் இல்லன்னா பொட்டிய எடுத்துக்கினு போயிடுவாங்களா?"

"நல்லா ஆகி வாங்க சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை இந்தச் சபையில் சொல்ல வேண்டும். சாவு விழுந்த வீட்டில் கோலம் போடுவோமா? மாட்டோம். இந்தக் களம் அவர் வீடு இல்லையா? அதனால் பிள்ளைகள் வந்தார்கள், சும்மா உட்கார்ந்தார்கள், போனார்கள். பொடி டப்பாவை ஒருவரும் தொடவில்லை. அப்படி ஒரு நாளில்தான் மேலாளர் ஐயா வேனில் வந்தார். வெறும் களத்தைப் பார்த்தார். ஒதுங்கி நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். மனுஷர் போனதோடு வகுப்பும் போயிற்று என்று நினைத்துவிட்டார். அவர்மேல் தப்பு இல்லை. பார்த்தால் அப்படித்தான் இருந்தது. பெட்டியை வேனில் ஏற்றச் சொன்னார்.

என் மகள் பொன்னி ஓடினாள். யாரிடம் ஓடினாள் தெரியுமா? துக்கத்தில் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்த கிருஷ்ணவேணி அம்மாவிடம். அந்த அம்மா வந்தார்கள். முடியைக்கூட முடியாமல், தெரு பார்க்க நடந்து வந்தார்கள்.

"ஏன் அஞ்சம்மா தரை வெறுமையா கெடக்குது?"

"துக்கம் கழியலியேம்மா. எப்பிடிம்மா கோலம் போடறது?"

"அவரு போட்டது கோலமா? பாடம்டி. குடு அந்த டப்பாவ."

குனிந்து முதல் கட்டத்தை அவர்களே போட்டார்கள். கோணலாக இருந்தது. மிச்சத்தைப் பிள்ளைகள் போட்டார்கள். மேலாளர் ஐயா, "இது இன்னாம்மா?" என்று கேட்டார். பொன்னி குதித்தாள். அவள் குதித்தது சாரின் பேர். நீளமான பேர். பாதியில் மூச்சு வாங்கியது, ஆனாலும் விடவில்லை. அப்புறம் ஐயா பெட்டியை இறக்கி, திரும்ப மாட்டி, கரண்ட் கொடுக்கச் சொன்னார். அதே பேரை அவள் எழுத்துப் பலகையைக் குனிந்து பார்க்காமல் கையால் அடித்தாள். காலுக்குத் தெரிந்த இடம் கைக்கும் தெரிந்திருந்தது.

இன்றைக்கு ஐயா இதே மேடையில், பெட்டி இங்கேயே இருக்கும், சொல்லிக் கொடுக்கக் கம்பெனி ஆள் அனுப்பும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு சரியாக வந்தது. பெரிய மனுஷர்களைப் படமாக மாட்டி மாலை போடுவார்கள். எங்கள் சாருக்கும் போட்டிருக்கிறோம். ஆனால் அவர் கேட்டது மாலையா? ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு இன்றைக்குப் பதில் சொல்ல முடிகிறது.

சார், பொட்டிய யாரும் எடுத்துக்கினு போகல. இங்கதான் இருக்குது.

புது ஆள் வருகிற வரைக்கும் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும். என்னால் எழுத்து சொல்லிக் கொடுக்க முடியாது. களத்தைப் பெருக்க முடியும். பொடி அரைத்து வைக்க முடியும். அதை நான் இருக்கிற வரை செய்வேன். நாளைக்குச் சாயங்காலம் வகுப்பு உண்டு, பெற்றவர்கள் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்ப வேண்டும்.

கோழியைக் கட்டிப்போட்டுவிட்டேன், சார்.