எட்டுக் கட்டை தூரம்

என் மனைவிக்குச் சின்னக் கை, டாக்டர். கையுறை வாங்கப் போனால் சிறுவர் பகுதிக்குத்தான் போக வேண்டும். "பாப்பாவுக்கா?" என்று கடைக்காரர் கேட்பார். இருவரும் சிரித்துக்கொண்டே வெளியே வருவோம்.

பதினோரு வருடம் ஒரே பியானோவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தோம். மெட்டு அவளுடையது. தனியாக வாசித்தால் ஒல்லியாகக் கேட்கும். நான் எட்டுக் கட்டை கீழே, ஒரு ஸ்தாயி இறக்கி, அதே மெட்டைச் சேர்த்து வாசிப்பேன், கூடம் நிறைந்துவிடும். கைதட்டல் அவளுக்குத்தான். அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை.

போன வருடம் அரங்கச் சுவரில் போஸ்டர் பார்த்தேன். அவள் படம் மட்டும் இருந்தது. கேட்டதற்கு, மேல் சுரத்தைச் சுண்டுவிரலிலும் நான் வாசிக்கும் கீழ்ச் சுரத்தைக் கட்டைவிரலிலுமாக ஒரே கையால் பிடிக்கப் பழகுவதாகச் சொன்னாள்.

"உங்களுக்கும் ஓய்வா இருக்கும்ல?" என்றாள்.

பதினோரு வருடத்தை ஒரு கட்டைவிரலுக்கு விற்றுவிட்டாள். அது துரோகம் என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லை. அன்று நான் சாப்பிடவில்லை. அதையும் அவள் கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து நானே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவு அகலம் விரித்து வாசிக்கும் சின்னக் கை, ஒவ்வொரு சுரத்துக்குப் பிறகும் மணிக்கட்டைத் தளர்த்தியே ஆக வேண்டும். நான் விறைப்பாகவே வைத்திருக்கச் சொன்னேன். வாசிப்பு விஷயத்தில் அவள் என் பேச்சை மீறியதில்லை.

மூன்றாம் வாரம், "மணிக்கட்டு விண்ணு விண்ணுனு தெறிக்குதுங்க" என்றாள்.

"கை விரியுதும்மா. இப்ப நிறுத்தினா பழையபடி ஆயிடும்."

வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அப்படியும் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அதனால் காலை டீயில் வலி மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். முதலில் ஒன்று, பிறகு மூன்று. வலி போயே போய்விட்டது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதன் பிறகு தினமும் ஆறு மணி நேரம் வாசித்தாள்.

தசைநார் அறுகிற வரைக்கும் அவளுக்கு வலி தெரியாமல் போனது எப்படி என்று நேற்று ஆச்சரியப்பட்டீர்களே, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இப்போது அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கட்டுப் பிரித்ததும் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். இனி மெட்டை நான் வாசித்துக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்து தாளைத் திருப்ப அவளுக்கு இடது கையே போதும், இல்லையா?