அண்ணியின் இடது கன்னம்

எனக்கு மெதுவான கை. ஊசி இறங்கியதே தெரியவில்லை என்று என்னிடம் வருகிறவர்கள் சொல்வார்கள். வீட்டை ஒட்டிய அழகு நிலையத்தின் பின்னறைதான் என் இடம். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், அதற்குள் பெப்டைடு குப்பிகள். சுருக்கம் போகவும் தோல் மினுங்கவும் என்று பார்சலில் வரும் வெள்ளைப் பொடி. ஊசித் தண்ணீர் விட்டு, குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கரைக்க வேண்டும். உருட்டும்போது பிரார்த்தனை செய்துகொள்வேன்.

வருகிறவர்கள் பாவம். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தர் சொல்வார், "புருஷன் கண்டுபிடிக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரி கண்டுபிடிக்கணும். அந்த அளவுக்குப் போடு." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பார். குப்பியில் இருப்பது என்னவென்று தெரியாமல் அவருக்கு எப்படி ஏற்றுவது? குப்பியில் 'ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கும். மற்றவர்கள் அந்தக் காகிதத்தை உரித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. நான் முதலில் ஆய்வு செய்தேன்.

பாதி முகத்தில் மட்டும் போட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். மறுபாதி அப்படியே இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அண்ணியைப் பற்றிக் கேட்டீர்கள். பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. அண்ணனுக்கு லாரி ஓட்டும் வேலை, வீடு தங்கமாட்டார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

வலது கன்னத்தில்தான் ஆரம்பித்தேன். மரத்துப்போன கன்னம், வலிக்காது. அந்த இரக்கம் எனக்கு இருந்தது. தோலும் நன்றாகத் தெளிந்தது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "பாப்பா, இப்படியே போனா என்னை இவளுக்கு அப்பான்னு சொல்லிடுவாங்க" என்றார். வீட்டில் வெகுநாள் கழித்துக் கேட்ட சிரிப்பு.

ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எரியுமா என்பதைத்தான். மரத்த கன்னம் அதற்குப் பதில் சொல்லாது. அதனால் இடது கன்னத்துக்கு மாறினேன். எரிந்தால் அண்ணிக்குக் கண்ணீர் வரும். அது வரும் வேகத்தை வைத்து அளவைக் குறைப்பேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பாசம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஊசியைத் தள்ள ஆரம்பித்தார். கண்ணில் பட்டுவிட்டால்? பழைய பருத்தித் துப்பட்டாவால் கையைக் கட்டினேன். தழும்பு விழாதபடி, தளர்வாகத்தான். முடிந்ததும் நாக்கில் கொஞ்சம் தேன் தடவி, தலை வாரிவிடுவேன். சின்னச் சின்ன அன்புதானே மனிதரைத் தாங்குகிறது.

"ஏன் பாப்பா, உன்னப் பாத்தாலே அழறா?" என்று அண்ணன் ஒருமுறை கேட்டார்.

"எங்கிட்ட பாசம் அதிகம்ணா" என்றேன்.

போன வாரம் புதிய குப்பி வந்தது. டீச்சரை வரச் சொல்லி வைத்திருந்தேன், அதனால் முந்தின நாளே அண்ணிக்குப் போட்டேன். உதடு தடித்தது. கழுத்து வீங்கி, மூச்சில் விசில் சத்தம் வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். வந்தால் என்ன ஊசி என்று கேட்பார்கள், அறையைப் பூட்டுவார்கள். அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? துப்பட்டாவை அவிழ்த்து, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிவிட்டதும் நான்தான். தூக்கத்தில் போய்விட்டார் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆமாம், நான்தான் கொன்றேன். மறைக்க ஒன்றுமில்லை, களைப்பாகவும் இருக்கிறது. ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள். துக்க வீடு என்று தெரியாமல் மறுநாள் டீச்சர் வந்தார். இந்தக் குப்பி சரியில்லை என்று சொல்லி, அவர் கண்ணெதிரே கழுவுதொட்டியில் கொட்டினேன். வீணாக அலையவிட்டேன் என்று திட்டிக்கொண்டே நடந்து போனார். தான் பிழைத்தது அவருக்குத் தெரியாது. நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை. வாக்குமூலம் எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள், போதும்.