ஒரு என்ஜினுக்கு மூன்றரை நாள்

கிளிஃபர்டின் தக்காளிச் செடிகள் நன்றாக இருக்கின்றன. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சாவியைக் கொடுத்தபோது அவர் சொன்ன முதல் வேலை அதுதான். அப்போது நாற்றாக இருந்தவை இப்போது பூத்திருக்கின்றன.

நீங்கள் கேட்பது என்ஜின்களைப் பற்றி. கிளிஃபர்ட் ஓல்ட்ராய்ட் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் கொடுத்த புகாரை வாசித்துக் காட்டினீர்கள். அவருடைய கைக்கடக்கமான இருபத்து நான்கு மாதிரி நீராவி ரயில் என்ஜின்களையும் யாரோ திருடிவிட்டு, அந்த இடத்தில் வேறு இருபத்து நான்கு அழுக்கு என்ஜின்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களாம். வீட்டுச் சாவி ரெஜினால்ட் ஃபெதரிடம் இருந்தது. ரெஜினால்ட் ஃபெதர் நான்தான்.

திருட்டு எதுவும் நடக்கவில்லை. அவை அதே என்ஜின்கள். அவருக்கே அடையாளம் தெரியவில்லை என்பதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் நாற்பது வருட நண்பர்கள். கீத்லியில் ஒரே நெசவாலையில் வேலை பார்த்தோம். நான் இயந்திரம் பொருத்துபவன், அவர் கிடங்கில். வியாழக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் எங்கள் மாதிரி ரயில் சங்கம் கூடும். மற்றவர்கள் என்ஜினை ஓட்டுவார்கள். கிளிஃபர்ட் ஓட்டமாட்டார். வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியின் மூடியைத் திறப்பார். நாங்கள் எட்டிப் பார்ப்போம். மூடிவிடுவார்.

"ஒரு தடவ தண்டவாளத்துல வையேன்யா. தேஞ்சா போயிரும்?" என்பேன்.

"தேயும். அதுவும் உன் கையில குடுத்தா ஒரே வாரத்துல இஸ்திரிப் பெட்டி ஆக்கிருவ."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பிப்ரவரியில் வாசல் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். வலது இடுப்பு முறிந்தது. அது பனியின் வேலை. மருத்துவமனை, அதன்பின் ஓய்வில்லம், எல்லாம் சேர்த்து ஆறு வாரம் என்றார்கள். படுத்தபடியே சாவியை நீட்டினார்.

"செடிக்குத் தண்ணி ஊத்து ரெஜி. மாடி ரூம்ல திரைய மூடியே வை, வெயில் பட்டா பெயிண்ட் வெளுத்துரும். மத்தபடி கண்ணால பாரு, கையால தொடாத."

நாற்பது வருடம் பழகியவனுக்கு, ஒரு மனிதர் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவது எது என்று தெரியும்.

முதல் நாள் நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். இருபது வருடம் பெட்டிக்குள் கிடந்தால் மசகு மெழுகாகிவிடும். எண்ணெய் விட்டால் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்த்தால் சக்கரம் தடிமன் என்று தெரிந்தது. மெல்லிய சக்கரம் மாற்றினேன். டிஜிட்டல் சிப் வைத்தால் ஒலி வரும், புகை வரும். அதற்கு இடம் வேண்டுமென்றால் உள்ளே எடைக்காக வைத்த உலோகக் கட்டியை அறுக்க வேண்டும். அறுத்தேன். பிறகு பெயிண்ட். எந்த நீராவி என்ஜினும் அப்படிப் பளபளவென்று ஓடியதில்லை. கரி, துரு, கொதிகலனில் தண்ணீர் வழிந்து காய்ந்த சுண்ணாம்புக் கோடு எல்லாவற்றையும் மெல்லிய தூரிகை நுனியால் கொண்டுவந்தேன். மூன்று என்ஜின்களுக்கு ஒரே எண் இருந்தது. எந்த ரயில்வேயிலும் அப்படி இருக்காது. இரண்டில் எண்ணைச் சுரண்டி மாற்றினேன்.

பெட்டிகளைப் பற்றிக் கேட்டீர்கள். காலிப் பெட்டிகள் இடத்தை அடைத்தன. உத்தரவாதச் சான்றிதழ்களும் அவற்றுக்குள்தான் இருந்தன. செவ்வாய்க்கிழமை நகராட்சி வண்டி பழைய காகிதம் எடுக்க வரும். வாரம் இரண்டு பெட்டி, தட்டையாக மடித்து, நூலால் கட்டி வெளியே வைத்தேன்.

ஞாயிறுகளில் அவரைப் பார்க்கப் போவேன். அவருடைய தங்கை மேவிஸும் இருப்பாள்.

"என் பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்பார்.

"சொகமா இருக்காங்க. இப்பத்தான் ஆளாகிட்டு வர்றாங்க."

"ரெண்டு பஸ் மாறி வந்து உக்காந்திருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேக்கல," என்றாள் மேவிஸ். "தகர டப்பாவுக்குக் குசலம் விசாரிக்கிறாரு."

"அது பதிலுக்குப் பேசாது மேவிஸ். அதான்."

அன்று எக்ஸ்ரேயைக் காட்டினார். "டைட்டானியம்யா. பழைய எலும்ப விட இது நல்லாருக்குன்னு டாக்டரே சொல்றார்."

அந்த மருத்துவரை யாரும் திருடன் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் முதல் வெள்ளிக்கிழமை மேவிஸ் அவரை டாக்ஸியில் வீட்டுக்கு அழைத்துவந்தாள். மாடி ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கீழ் அறையில் கட்டில் போட்டு, டீ தயாராக வைத்திருந்தேன். கிளிஃபர்ட் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"மொதல்ல அவங்கள ஒரு பார்வை பாத்துட்டு வந்துர்றேன்."

"டீ குடிச்சிட்டுப் போண்ணே. என்ஜின் எங்க ஓடிறப் போகுது? அது ஓடினதே இல்லையே."

ஊன்றுகோலோடு ஏறினார். மூன்றாவது படியில் கம்பளம் நழுவியது. இந்த முறை இடது இடுப்பு. ஆம்புலன்ஸை நான்தான் அழைத்தேன். அது வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். மேவிஸ் அன்றே அந்தக் கம்பளத்தைத் திட்டிக்கொண்டே சுருட்டிக் குப்பையில் போட்டாள். மறுபடியும் ஆறு வாரம்.

நேற்று திரும்பி வந்தார். நானும் மேவிஸும் இரண்டு பக்கமும் தாங்கி மாடிக்கு ஏற்றினோம். தண்டவாளம் போட்டு இருபத்து நான்கையும் வரிசையாக நிறுத்தியிருந்தேன். பொத்தானை அழுத்தினேன். எல்லாம் ஒன்றாகப் புகைவிட்டன. கிளிஃபர்ட் பார்த்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். மேவிஸைக் குனிந்து மேசைக்கு அடியில் பார்க்கச் சொன்னார்.

"என்னோடது எங்க ரெஜி?"

"இதுதான்யா."

"வெளையாடாத. என்னோடத எங்க வச்சிருக்க?"

பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து உங்களை அழைத்தார்.

நீங்கள் சங்கத்தில் விசாரித்துவிட்டு வந்து சொன்ன வாதம் நியாயமானது. இந்த வேலைக்குப் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். கிளிஃபர்ட் ஆறே வாரத்தில் திரும்பிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். முடிக்க முடியாத வேலையை யாரும் தொடங்கமாட்டார்கள். ஆகவே இவை எங்கோ வாங்கிவந்த வேறு என்ஜின்கள். அசலை நான் விற்றுவிட்டேன்.

கணக்கு சரி. ஒரு என்ஜினுக்கு மூன்றரை நாள். அவசரப்பட்டால் பெயிண்ட் சுருங்கிவிடும். அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டுதான் முடிந்திருந்தன. பதின்மூன்றாவது மேசைமேல் நாற்பது துண்டுகளாகக் கிடந்தது. அந்தக் கோலத்தில் பார்த்திருந்தால் கிளிஃபர்டின் மனம் உடைந்துபோயிருக்கும். அவரை அப்படி நோகவிட எனக்கு மனம் வரவில்லை.

படிக்கட்டுக் கம்பளத்தைப் பிடித்திருந்த பித்தளைக் கம்பியை முந்தின நாள் கழற்றினேன். மூன்றாவது படி. யோசித்துத்தான் தேர்ந்தேன். முதல் படி என்றால் சுளுக்கோடு போய்விடும், ஒரு வாரம்தான் கிடைக்கும். ஆறாவது படி என்றால் தலையில் அடிபடலாம். நண்பரிடம் அப்படி நடந்துகொள்பவன் நானல்ல.

இதை நீங்கள் கேட்கவில்லை. திருடன் என்ற பெயர் வேண்டாம் என்பதால் சொல்கிறேன். அந்த வீட்டிலிருந்து நான் எதையும் எடுத்துச் செல்லவில்லை. கம்பியின் நான்கு திருகாணிகளையும் ஓர் உறையில் போட்டு, எந்தப் படி என்று மேலே எழுதி, அவருடைய மேசை இழுப்பறையில்தான் வைத்திருக்கிறேன். நீங்களே போய் எண்ணிப் பாருங்கள்.