தொண்ணூறு கிராம்

பக்கவாட்டில் படுத்துத் தூங்குகிறவர்களுக்குக் காற்றுப் படுக்கை மூன்று அங்குலமாவது தடிமனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பெலும்பு தரையில் இடிக்கும். மல்லாந்து படுப்பவர்களுக்கு இரண்டு போதும். இதெல்லாம் எனக்கு முன்பு தெரியாது, என் கணவர் சொல்லிச் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரமில்லை.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். வருடத்தில் ஐந்து நாள், முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு தனியாக மலையேறப் போவார். கோடையில் மட்டும் போய்க்கொண்டிருந்தவருக்கு இந்த வருடம் இலையுதிர்காலத்தில் போக ஆசை வந்தது. வீட்டில் இருந்த பழைய காற்றுப் படுக்கை கோடைக்கு மட்டுமே ஆகும். மூன்று பருவத்துக்கும் தாங்குகிற ஒன்று வேண்டுமென்று தேட ஆரம்பித்தார். எட்டு மாதம் தேடினார்.

எட்டு மாதம் என்றால் சும்மா இல்லை. எத்தனை கிராம், ஊதினால் எவ்வளவு உயரம், புரண்டால் சரசரக்குமா, தரையின் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று கணினியில் பெரிய அட்டவணை போட்டார். சாப்பிடும்போது வால்வைப் பற்றிப் பேசினார். குளிர் தடுக்கும் மதிப்பு ஒன்று என்றால் கோடைக்கு, நான்கு என்றால் உறைபனிக்கு. இந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டே நான் எத்தனையோ முறை பாத்திரம் துலக்கியிருக்கிறேன்.

ஒரு நாள் என் நாத்தனார் வந்திருந்தாள். அட்டவணையைப் பார்த்துவிட்டு, "அண்ணி, எங்கண்ணன் உங்களைக் கட்டிக்கிறதுக்குக்கூட இவ்வளவு யோசிக்கலை. ஒரு தடவை பாத்தாரு, டீயைக் குடிச்சாரு, சரின்னுட்டாரு" என்றாள். மூவரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

எங்கள் கட்டில் மெத்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். என் பக்கத்தில் ஒரு பள்ளம். ஆறு வருடமாக இருக்கிறது. காலையில் எழுந்தால் இடுப்பு நிமிர அரைமணி நேரமாகும். மாற்றலாமா என்று கேட்கும்போதெல்லாம், "மெத்தையில என்ன இருக்கு? அசதியா படுத்தா தானா தூக்கம் வரும்" என்பார். ஐந்து நாள் படுக்கைக்கு எட்டு மாதம் யோசித்தவர், மீதி முந்நூற்றறுபது நாளுக்கு ஒரு வாக்கியத்தில் தீர்ப்புச் சொன்னார். எனக்குக் கோபமில்லை. ஒப்பிட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். ஒப்பிடுவதை அவரிடம்தான் கற்றேன்.

சோதனைக்கு ஆள் நான். கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் என் கணவர் வாரத்துக்கு ஒரு படுக்கையை வாங்கி வருவார், பிடிக்காததைத் திருப்பிக் கொடுப்பார். நான் குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்வதால் ஐஸ் பொட்டலங்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு மதியம் கூடத்துத் தரையில் அவற்றைப் பரப்பி, மேலே படுக்கையை விரித்து, என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார். இடுப்பில் குளிர் ஏறியதும் நான் சொல்ல வேண்டும். அவர் நேரத்தைக் குறித்துக்கொள்வார்.

"ஏறுதா?"

"ஏறுது."

"எந்த இடத்துல?"

"எலும்புல."

"பன்னெண்டு நிமிஷம். தேறாது."

ஏழாவது படுக்கையில் நான் தூங்கிவிட்டேன். முக்கால் மணி நேரம், ஐஸுக்கு மேலே. ஆறு வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை. அவர் என்னைத் தட்டி எழுப்பி, "இதுதான், முடிஞ்சு போச்சு" என்றார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. படுக்கை எனக்குத்தான் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். எழுந்ததும் காற்றைப் பிடுங்கிச் சுருட்டி, உறையில் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு எடையைக் குறைக்கும் பைத்தியம். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்தார். துணிகளின் லேபிள்களைக் கத்தரித்தார். படுக்கைகள் இரண்டிலும், பழையதிலும் புதியதிலும், மதிப்பு அச்சிட்டிருந்த லேபிளையும் வெட்டி எறிந்தார். இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே சாம்பல் நிறம், ஒரே அளவு. லேபிள் போனபின் பெற்றவனுக்கே அடையாளம் தெரியாது. புதிய படுக்கை தரும் சூட்டை நம்பி, மெல்லிய தூக்கப் பை போதும் என்றும் முடிவு செய்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் முடிவெட்டப் போயிருந்தபோது உறைக்குள் இருந்ததை மாற்றினேன். பழையது உள்ளே, புதியது அலமாரியில். ஒரு வேடிக்கைக்காக என்றுதான் நினைத்தேன். எட்டு மாதம் யோசித்தவருக்கு வித்தியாசம் தெரிகிறதா பார்க்கலாம் என்று.

அவருக்கு வாய்ப்பு இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று மாலை மூட்டையை எடை போட்டார். தொண்ணூறு கிராம் குறைந்திருந்தது.

"பாத்தியா, லேபிளை வெட்டினதுக்கே தொண்ணூறு கிராம்."

"அவ்வளவா?"

"சின்னச் சின்னதா சேந்தா பெருசாயிடும்டி. உனக்கு இதெல்லாம் புரியாது."

புரியாது என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் சிக்னல் கிடைக்கிற ஒரு முகட்டிலிருந்து பேசினார். குரல் தேய்ந்திருந்தது.

"நேத்து ராத்திரி பூரா ஒரே நடுக்கம். காத்து இறங்குதான்னு பாத்தேன், கல்லு மாதிரி நிக்குது. என்னன்னே புரியலை."

"களைப்பா இருக்கும்."

"இன்னைக்கு இன்னும் மேல போகணும். பனி விழும்கிறாங்க. பேசாம இறங்கிடட்டுமா?"

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னேன். "எட்டு மாசம் பாத்துப் பாத்து வாங்கினது. அதை நம்பாம வேற எதைத்தான் நம்பப் போறீங்க?"

அவர் சிரித்தார். "அதுவும் சரிதான்" என்றார். நாங்கள் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அது.

கிடங்கில் எனக்கு வெப்பநிலைப் பதிவேடு எழுதுவது மட்டும் வேலை இல்லை என்று என் மேலாளர் உங்களிடம் சொல்லியிருப்பார். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதும் நான்தான், ஒன்பது வருடமாக. ஆளைக் கொல்லும் குளிர் மேலிருந்து வருவதில்லை, தரையிலிருந்து வருகிறது, உட்காராதீர்கள் என்பேன். நடுங்கும்வரை பிழைக்கலாம், நடுக்கம் நின்று கதகதப்பாகத் தோன்றினால் வெளியே ஓடுங்கள் என்பேன். அவருக்கு மட்டும் அந்த வகுப்பை எடுத்ததில்லை. என் வேலையைப் பற்றி அவர் கேட்டதில்லை.

மேல்சட்டையைக் கழற்றி மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார் என்று மீட்புக் குழுவினர் சொன்னார்கள். அப்படியென்றால் முடிவில் சூடாகத்தான் உணர்ந்திருக்கிறார். அதில் எனக்கு ஓர் ஆறுதல்.

கடை ரசீதில் இருக்கும் படுக்கை எங்கே என்று கேட்டீர்கள். என் கட்டிலில்தான் இருக்கிறது, பள்ளத்துக்கு மேலே. அவர் கிளம்பிய அன்றே விரித்துவிட்டேன். ஆதாரம் என்று எடுத்துப் போவீர்கள், தெரியும். வால்வைத் திறந்துவிட்டுச் சுருட்டுங்கள், மடிக்க வேண்டாம், உள்ளே குளிரைத் தடுக்கும் மெல்லிய தாள் கிழிந்துவிடும். வேலை முடிந்ததும் திருப்பித் தந்தால் நல்லது. என்னைக் கொலைகாரி என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். திருடி என்று மட்டும் எழுதாதீர்கள். ஏழில் அதைத் தேர்ந்தெடுத்தது என் இடுப்பு. நான் என்னுடையதை எடுத்துக்கொண்டேன், அவருடையதை அவருக்குக் கொடுத்தனுப்பினேன்.